சித்தூர் காவல் நிலையக் கணினிகளும் ஆன்டிவைரஸ் ஒப்பீட்டின் வரலாறும்

2017 மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை தாக்குதல், மறுநாளே ஆந்திரக் காவல்துறையை எட்டியது. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் 18 காவல் பிரிவுகளின் கணினிகள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. அடுத்த சில நாள்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள் சிலவும் அதற்கு இலக்காயின. திருப்பதி அன்று சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது; அது தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். கோப்புகளைப் பூட்டிய அந்த நிரல், திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. அலுவலகங்களில் அப்போது எழுந்த கேள்வி, எந்த ஆன்டிவைரஸ் சிறந்தது என்பதே. அக்கேள்வி முழுமையானதன்று என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

1986இல் லாகூரிலிருந்து பரவிய ‘பிரெய்ன்’ தொடக்ககாலக் கணினி வைரஸ்களுள் ஒன்று. அவற்றை எதிர்க்கும் மென்பொருள்கள் 1980களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் சென்னையின் கே7 கம்ப்யூட்டிங்கும் புனேயின் குயிக் ஹீலும் 1990களில் இத்துறையில் வளர்ந்தன. தொடக்ககால மென்பொருள்களின் முறை எளியது: அறியப்பட்ட வைரஸின் அடையாளத் தொடரைப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடுவது. காவல் நிலையச் சுவரில் ஒட்டிய பழங்குற்றவாளிகளின் படங்களைப் போன்றது இது. புதியவனை அப்படங்கள் காட்டிக்கொடுப்பதில்லை. இக்குறையை ஈடுசெய்யவே, நிரலின் நடத்தையைக் கண்காணிக்கும் முறைகள் பின்னர் உருவாயின.

எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் இருக்க இயலாது என்பதை பிரெட் கோஹென் 1980களிலேயே நிறுவினார். ஆகவே எந்த மென்பொருளும் தவறவிடுதல், வீண் எச்சரிக்கை என்னும் இரு பிழைகளுக்கு இடையே சமன் காண வேண்டியிருக்கிறது. 2010 ஏப்ரலில் மெக்கஃபி வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றையே வைரஸ் எனக் கருதியதால், உலகெங்கும் கணினிகள் செயலிழந்தன. இரண்டாம் பிழையின் விலை அது.

ஒப்பீட்டு ஆய்வுகள் இவ்விரு பிழைகளையும் அளக்கவே தோன்றின. வைரஸ் புல்லட்டின் இதழ் 1998இல் தொடங்கிய ‘விபி100’ சான்று, புழக்கத்திலுள்ள வைரஸ்கள் அனைத்தையும் கண்டறிய வேண்டும், நல்ல கோப்பு ஒன்றையும் குற்றஞ்சாட்டக் கூடாது எனக் கோரியது. பின்னர் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகியவை கணினியின் வேகத்தையும் கணக்கில் கொண்டன. எனினும் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸிலேயே நடைபெறுகின்றன.

வான்னாக்ரை நுழைந்ததோ புதுப்பிக்கப்படாத கணினிகளில். கோப்புகளைப் பகிர உதவும் விண்டோஸ் சேவையிலிருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஏப்ரலில் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவி இணையத்தில் கசிந்தது. மே மாதத்தில், பயனர் எதையும் சொடுக்காமலேயே, வலையமைப்பின் வழியாக நோய் பரவியது. பாதிக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 98 விழுக்காடு விண்டோஸ் 7 கணினிகள் என்று காஸ்பர்ஸ்கை நிறுவனம் பின்னர் கணித்தது. அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களாகவே கிடைத்துவந்தது.

அம்மாதமே எம்.ஆர்.ஜி. எஃபிட்டாஸ் என்னும் ஆய்வகம் வேறொரு கேள்வியை எழுப்பியது. பூட்டும் நிரலைப் பிடிப்பது ஒன்று. அது நுழையும் வழியை அடைப்பது மற்றொன்று. முன்னதைச் செய்ததாக அறிவித்த பல மென்பொருள்கள் பின்னதைச் செய்யவில்லை என்று அதன் சோதனை காட்டியது. மற்றொரு முரணும் வெளிப்பட்டது. வான்னாக்ரை ஓர் இணைய முகவரியைத் தேடும். அது பதிலளித்தால் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். தீய முகவரியெனக் கருதி அதைத் தடுத்த பாதுகாப்புக் கருவிகள், அந்நிரலுக்கே வழிவிட்டன. ஆகவே அம்முகவரியைத் தடுக்க வேண்டாமென்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அறிவுறுத்த நேர்ந்தது.

செய்ய வேண்டிய மேம்பாடுகள் இவ்வரலாற்றிலிருந்தே புலனாகின்றன. கணினியில் விடுபட்ட திருத்தங்களை ஆன்டிவைரஸ் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்ற முனைந்தால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் நிறுத்த வேண்டும். விண்டோஸ் 10இல் 2017 அக்டோபரில் வந்த கோப்புறைக் காப்பு வசதி இத்திசையில் ஓர் அடி. ஒப்பீட்டு ஆய்வுகளும், இணைப்பு அறுபட்ட, திருத்தம் பெறாத பழைய கணினியைத் தம் சோதனை மேசையில் வைக்க வேண்டும். பிரதிகளை வலையமைப்புக்கு வெளியே காப்பது எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய இயலாத கடமை.

காவல் நிலையக் கணினியில் இருப்பவை ஒருவரின் புகாரும் மற்றொருவரின் வழக்கும். அவற்றைக் காக்கும் பொறுப்பை மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்ற மென்பொருளிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. மார்ச் 14க்கும் மே 12க்கும் இடைப்பட்ட 59 நாள்களில் திருத்தத்தை நிறுவும் வேலை யாருடையது என்பதை ஒவ்வோர் அலுவலகமும் முன்னரே வரையறுத்திருக்க வேண்டும்.