செஞ்சதுக்கத்திலே ஒரு காலைப்பொழுது

மொஸ்கோ நகரிலே கிரெம்ளின் மதிலை அடுத்துப் பரந்து கிடக்கும் வெளியைச் செஞ்சதுக்கம் என்கிறோம். அப்பெயரிலுள்ள ருஷ்யச் சொல் முற்காலத்தில் அழகு என்னும் பொருளையும் தந்தது. நம் மொழியிலும் செம்மை என்பது நிறத்தையும் சிறப்பையும் ஒருங்கே குறிப்பதால், தமிழ்ப் பெயர் தற்செயலாகவே பொருத்தமாய் அமைந்துவிட்டது. ஆயின், வசீலி சூரிக்கோவ் 1881ஆம் ஆண்டில் வரைந்து முடித்த ஓவியத்திலே அச்சதுக்கம் கொலைக்களமாகக் காட்சியளிக்கின்றது.

1698ஆம் ஆண்டில், மகா பீற்றர் மேலை நாடுகளிற் பயணஞ் செய்துகொண்டிருந்த வேளை, ஸ்திரெல்த்சி எனப்பட்ட பழைய துவக்குப் படையினர் கலகஞ் செய்தனர். விரைந்து திரும்பிய மன்னர் 1,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொல்வித்தார். அத்தண்டனைகள் பல இடங்களில், பல நாட்களில் நிகழ்ந்தவை. சூரிக்கோவ் அவற்றை ஒரே சதுக்கத்தில், ஒரே காலையில் திரட்டி வைத்தார். சரித்திர மாணவன் இதனைக் குறையென்பான். ஓவியனுக்கு அவ்வுரிமை உண்டென்பதே என் கருத்து.

வெண்ணிறச் சட்டை அணிந்த கைதிகள் எரியும் மெழுகுவர்த்திகளை ஏந்தி வண்டிகளில் இருக்கின்றனர். மனைவியரும் தாய்மாரும் பிள்ளைகளும் சேற்றிலே நின்று அழுகின்றனர். வலப்புறத்தே குதிரைமேல் பீற்றர்; இடப்புறத்தே செந்தாடிக் கைதி ஒருவன். அத்தனை சனத்திரளையுங் கடந்து அவ்விருவர் பார்வையும் மோதுகின்றன. மன்னர் பக்கம் நியாயமா, கைதி பக்கம் நியாயமா என்று ஓவியர் தீர்ப்புக் கூறவில்லை. சைபீரியாவிலே கொசாக்குக் குடும்பத்திற் பிறந்த அவருக்குக் கலகக்காரர்மீது பரிவு இருந்திருக்கலாம். எனினும் மன்னரை அரக்கராக அவர் தீட்டவில்லை.

படத்திலே தூக்குமரங்கள் உண்டு. பிணம் ஒன்றேனும் இல்லை. ஒருவனையாவது தொங்கவிடும்படி நண்பர் ரேப்பின் சொன்னாராம். அவ்வாறே ஓர் உருவைக் கோடிட்டுப் பார்த்தபோது, அறைக்குள் வந்த பணிப்பெண் அதைக் கண்டு மூர்ச்சித்து வீழ்ந்தாள் என்று சூரிக்கோவே பிற்காலத்திற் கூறியுள்ளார். அவ்வுருவை அவர் அழித்துவிட்டார். கொலையை அன்று, சாவுக்கு முந்திய நிமிடங்களின் மாண்பையே அவர் காட்ட விரும்பினார். பகல் வெளிச்சத்திலும் அம்மெழுகுவர்த்திகளின் சுடர் வெண்சட்டைகளிற் படிந்து நிற்பதைக் காண்போர் அதனை உணர்வர்.

மொஸ்கோ வணிகர் திரெத்தியாக்கோவ் இதனை வாங்கினார். அவர் பெயரால் விளங்கும் கலைக்கூடத்திலே இன்றும் இது உள்ளது. இவ்வோவியம் முதன்முதலாகப் பீற்றர்ஸ்பேர்க்கிற் காட்சிக்கு வைக்கப்பட்டது, பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1881 மார்ச் 1ஆந் திகதி. அன்றுதான் அந்நகர வீதியிலே இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் வெடிகுண்டுக்கு இரையானார். ஏப்பிரல் 3ஆந் திகதி, அதே நகரின் மற்றொரு சதுக்கத்திலே, மக்கள் பார்த்து நிற்க ஐவர் தூக்கிலிடப்பட்டனர்.