சமையலறை மேடைக்கு எந்தக் கல் ஏற்றது? – வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கான வழிகாட்டி

காய்கறி நறுக்குவதும், மாவு பிசைவதும், அடுப்பு வைப்பதும், சமைத்த உணவை இறக்கி வைப்பதும் சமையலறை மேடையின் மேல்தான் நிகழ்கின்றன. ஆகவே மேடைக்குரிய பொருளைத் தேர்ந்தெடுப்பது அழகையும் விலையையும் மட்டும் பொறுத்ததன்று. வீட்டில் நீரிழிவு, காசநோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுபவரோ, கைக்குழந்தையோ, முதியவரோ இருந்தால், அது உடல்நலம் சார்ந்த முடிவும் ஆகும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையின் குடும்பங்களை முன்னிறுத்தி இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. தரையில் மண் அடுப்பு மூட்டிச் சமைத்த வீடுகள் பல, இன்று கான்கிரீட் வீடுகளாக மாறி வருகின்றன. பிரதம மந்திரியின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். தூய்மையாகச் சமைப்பதற்கான இடமும் அதில் அடங்கும். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடியில் அமைகிறது. இத்தகைய சிறிய வீட்டில் மேடையை ஒருமுறை கட்டிவிட்டால் மீண்டும் மாற்றுவது எளிதன்று.

சுருக்கமாக

• நன்கு மெருகேற்றப்பட்ட கிரானைட் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றது.
• செலவைக் குறைக்க வேண்டுமெனில் கடப்பா கல்லும், வழவழப்பாகப் பூசப்பட்ட சிமெண்ட் மேடையும் போதுமானவை. பராமரிப்பு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.
• செயற்கை குவார்ட்ஸ் கல்லை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். அதைத் தவிர்ப்பது நலம்.
• எந்தக் கல்லானாலும், மேடையின் உயரமும் அன்றாடத் தூய்மையும் கல்லின் வகையைவிட முக்கியமானவை.

நல்ல மேடைக்குரிய இயல்புகள்

1. நீரை உறிஞ்சாதிருத்தல். நுண்துளைகளில் தங்கும் ஈரத்தில் கிருமிகளும் பூஞ்சையும் வளரும். மலைப்பகுதியில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் சமையலறை எளிதில் உலர்வதில்லை என்பதால் இவ்வியல்பு மிகவும் தேவை.
2. இடுக்குகள் குறைவாக இருத்தல். இணைப்புகளிலும் வெடிப்புகளிலும் உணவுத்துணுக்கு தங்கினால் எறும்பும் கரப்பானும் வரும்.
3. சூட்டைத் தாங்குதல்.
4. புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்களால் அரிக்கப்படாதிருத்தல்.
5. விளிம்புகளும் மூலைகளும் மழுங்கியிருத்தல். முதியவர் தடுமாறும்போதோ, வலிப்பு வந்து ஒருவர் விழும்போதோ கூர்மையான மூலை தலைக்காயத்தை உண்டாக்கும்.

பொருள்களும் அவற்றின் தன்மையும்

கிரானைட்: கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலேயே வெட்டியெடுக்கப்படும் கல். கடினமானது, சூட்டையும் புளிப்பையும் தாங்கும், மெருகேற்றிய பரப்பு நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையிருக்கும். வாகனம் செல்லாத குக்கிராமத்திற்கு நீண்ட பலகையைச் சுமந்து செல்லும்போது உடையக்கூடும். தூக்குபவரின் முதுகுக்கும் கேடு. இரண்டு மூன்று துண்டுகளாக அளவெடுத்து அறுத்து வாங்கி, இணைப்புகளை நன்றாக அடைத்துக்கொள்ளலாம். விறகடுப்பின் தீ நேராகக் கல்லில் பட்டால் கல் வெடிக்கும். இடையில் செங்கல் அடுக்கு வேண்டும்.

கடப்பா கல்: ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலிருந்து வரும் கருநிறச் சுண்ணாம்புக்கல். விலை குறைவு, தமிழகத்து வீடுகளுக்கு நன்கு பழகியது. சுண்ணாம்புத் தன்மை உடையதால் புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடம் வெளுத்துச் சொரசொரப்பாகும். புளி கரைப்பதைத் தட்டின்மேல் வைத்துச் செய்யவும். சிந்தினால் உடனே துடைக்கவும். கருநிறத்தில் அழுக்கு தெரியாது என்பதால், அழுக்கில்லை என்று கருதிவிடக் கூடாது.

பளிங்குக்கல்: இதுவும் புளிப்பால் அரிக்கப்படும், மஞ்சள் கறையை உறிஞ்சும். நம் சமையலுக்கு உகந்ததன்று.

சிமெண்ட் மேடை: உள்ளூர்க் கொத்தனாரே கட்டிவிடலாம், பலகை சுமக்க வேண்டியதில்லை. சிமெண்ட் பால் விட்டு நன்றாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். குறைந்தது 7 நாள்கள் நீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் வெடிப்பு விழும். விழுந்த வெடிப்புகளை ஆண்டுக்கொருமுறை அடைக்கவும். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். வேலையின்போது கையுறை அணிய வேண்டும்.

டைல்ஸ்: பரப்பு தூய்மையானது, இடுக்குகளே குறை. பெரிய அளவு டைல்ஸைத் தேர்ந்து, இடுக்கை எபாக்சி கொண்டு அடைத்தால் அழுக்கு தங்காது.

எவர்சில்வர்: நுண்துளை அற்றது, மருத்துவமனைச் சமையற்கூடங்களில் பயன்படுவது. விலை அதிகம். மிக்சி, கிரைண்டர் ஒயரில் பழுது இருந்தால் மேடை முழுவதும் மின்சாரம் பாயும் ஆபத்து உண்டு. முறையான எர்த் இணைப்பும் மின்கசிவுத் தடுப்புக் கருவியும் இன்றி இதை அமைக்கக் கூடாது.

மைக்கா ஒட்டிய பலகை: ஈரத்தில் உப்பும், கரையான் பிடிக்கும், சூட்டைத் தாங்காது. பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அருகில் தவிர்க்கவும்.

செயற்கை குவார்ட்ஸ்: அரைத்த படிகக்கல்லைப் பிசினுடன் சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது. நீரை உறிஞ்சாது. ஆனால் மிகுந்த சூட்டில் பிசின் கருகும். கொதிக்கும் பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. இதன் பெரிய கேடு அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

கல் அறுக்கும் தூசும் சிலிக்கோசிஸ் நோயும்

பொருத்தி முடித்த கல்லினால் வீட்டாருக்குத் தீங்கில்லை. அதை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்ணிய சிலிக்கா தூசே ஆபத்தானது. இது நுரையீரலின் ஆழத்தில் படிந்து தழும்பை உண்டாக்கும். இந்நோய் சிலிக்கோசிஸ் எனப்படும். தழும்பை மாற்றி நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை இல்லை. இந்நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் பிறரைவிட அதிகம். சிலிக்கா தூசு புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

பளிங்கில் சிலிக்கா மிகக் குறைவு. கிரானைட்டில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவு வரை. செயற்கை குவார்ட்ஸில் 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். இக்கல்லை அறுத்த இளம் தொழிலாளர் பலர் சில ஆண்டுகளிலேயே நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதன் பயன்பாட்டைத் தடை செய்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுள் ஒன்றாகச் சிலிக்கோசிஸைச் சேர்த்திருந்தது.

வீட்டில் மேடை அமைக்கும்போது:

• கூடியவரை கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கவும்.
• வீட்டில் அறுக்க நேர்ந்தால், வெளிப்புறத்தில், நீர் ஊற்றியபடி அறுக்கச் சொல்லவும். உலர்வாக அறுக்க இசைய வேண்டாம்.
• அறுப்பவர் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசைத் தடுக்காது.
• ஆஸ்துமா, காசநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் வேலை முடியும் வரை விலகியிருக்க வேண்டும்.
• விழுந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கவும்.

உங்கள் குடும்பத்தில் எவரேனும் கல் குவாரியிலோ கல் அறுக்கும், மெருகேற்றும் தொழிற்கூடத்திலோ வேலை செய்திருந்து, அவருக்கு வறட்டு இருமல், மேடேறும்போது மூச்சிரைப்பு, உடல் மெலிவு இருந்தால் மருத்துவரிடம் அவ்வேலையைப் பற்றித் தவறாது சொல்லவும். சொல்லாவிட்டால் சிலிக்கோசிஸைக் காசநோய் என்றே கருதிச் சிகிச்சை அளிக்க நேரலாம். மார்பு ஊடுகதிர்ப் படமும் சளிப் பரிசோதனையும் தேவைப்படும்.

மேடையின் உயரம்

நின்று சமைப்பவருக்கு 80 முதல் 86 சென்டிமீட்டர் வரையிலான உயரம் பொதுவானது. முழங்கை மடிந்திருக்கும் மட்டத்திற்குச் சற்றுக் கீழே மேடை அமைந்தால் தோளும் முதுகும் வலிக்கா. வீட்டில் அன்றாடம் சமைப்பவரை நிறுத்தி அளவெடுத்த பின்னரே கட்டத் தொடங்கவும்.

கேழ்வரகுக் களி கிண்டும் வீடுகளில் மற்றொன்றையும் கருத வேண்டும். துடுப்பை அழுத்திக் கிண்டுவதற்குப் பானை தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான மேடையில், அடுப்பின் மேலேயே கிண்டினால் பானை கவிழ்ந்து கொதிக்கும் களி மேலே கொட்டக்கூடும். களி தோலில் ஒட்டிக்கொள்வதால் புண் ஆழமாகும். ஆகவே மேடையின் ஒரு பகுதியைத் தாழ்வாகக் கட்டலாம்; அல்லது பானையைத் தரையில் இறக்கி, பிரிமணையில் நிறுத்திக் கிண்டலாம்.

எரிவாயு அடுப்பு மேடையின் மேலும், உருளை தரையில் நிமிர்ந்த நிலையிலும் இருக்க வேண்டும். அடுப்பு எப்போதும் உருளையைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும்.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

• நீரிழிவு, தொழுநோய் காரணமாகக் கையில் உணர்ச்சி குன்றியவர்: இறக்கி வைத்த பாத்திரத்தின் சூடு கல்லிலும் சிறிது நேரம் நிற்கும். கையூன்றும் இடமும் சூடான பாத்திரம் வைக்கும் இடமும் வெவ்வேறாக இருக்கட்டும். இடுக்கியும் மரக்கைப்பிடியும் பயன்படுத்தவும்.
• வலிப்பு நோய் உள்ளவர்: தனியாக அடுப்படியில் நிற்க வேண்டாம். மேடை மூலைகளை வட்டமாக மழிக்கச் சொல்லவும்.
• சக்கர நாற்காலியில் இருப்பவர்: 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில், அடியில் முழங்கால் நுழையுமாறு சுவரில்லாத பகுதி ஒன்று வேண்டும்.
• கண்புரை, பார்வைக் குறைவு உள்ளவர்: கருநிற மேடையில் வெண்ணிறத் தட்டும், வெளிர்நிற மேடையில் அடர்நிறத் தட்டும் தெளிவாகத் தெரியும்.
• புற்றுநோய் மருந்து பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்: இவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. வெடித்த, இடுக்குள்ள மேடையில் உணவை நேரடியாக வைக்க வேண்டாம்.
• வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்: சமையல் மேடையில் டயாலிசிஸ் பைகளை வைக்கக் கூடாது, அதற்கெனத் தனி இடம் வேண்டும்.

அன்றாடத் தூய்மை

எந்தப் பொருளும் கிருமியைத் தானே கொல்லாது. சமையலுக்கு முன்னும் பின்னும் சோப்புநீரால் கழுவி, தூய நீரால் அலசி, உலரத் துடைக்கவும். துடைக்கும் துணியை நாள்தோறும் துவைத்து வெயிலில் காய வைக்கவும். இறைச்சி, மீன் நறுக்கும் பலகையும் காய்கறிப் பலகையும் வேறாக இருக்க வேண்டும்.

இறைச்சி வைத்த பரப்பைக் கழுவிய பின், ஒரு லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து தெளியவைத்த நீரால் துடைத்து, சில நிமிடங்களுக்குப் பின் தூய நீரால் அலசலாம். இந்நீரை ஆசிட், வினிகர் போன்றவற்றுடன் கலக்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும். கடப்பா, பளிங்கு மேடைகளை ஆசிட் கொண்டு கழுவ வேண்டாம்.

தீப்புண் ஏற்பட்டால்

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டவும். மோதிரம், வளையல்களைக் கழற்றவும். பற்பசை, மாவு, மை, எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்லவும். முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட புண்ணும், குழந்தைகளுக்கு ஏற்பட்ட புண்ணும் சிறியதாயினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். மலையிலிருந்து போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்க நேரமாகும் என்பதால், இரவில் நேர்ந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்கவும்.

உதவிக்கு

• அவசர ஊர்தி: 108
• மருத்துவ ஆலோசனை: 104
• எரிவாயுக் கசிவு: 1906
• காசநோய் உதவி எண்: 1800 11 6666

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டிற்கு வரும் இயன்முறை மருத்துவரிடம், நோயாளியின் நிலைக்கேற்ற மேடை உயரத்தைக் கேட்டு அறியலாம். கட்டுமானம் தொடங்குவதற்கு முன்னரே கேட்பது நன்று.