சிங்கப்பூர் – இலண்டன் வான்வழி

சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் இடையே தொலைவு யாது என்று மாணாக்கரைக் கேட்டால், உலக உருண்டையின் மேல் நூலைப் பிடித்து அளந்து, ஏறத்தாழ 6,750 மைல் என்பர். அவ்விடை சரியே. ஆனால் அத்தொலைவைக் கடக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு நூல் விடை தராது. விமானத்தின் விரைவோடு, கீழேயுள்ள நாடுகளின் இசைவும் சேர்ந்தே அதனை முடிவு செய்து வந்துள்ளது.

1919 அக்டோபர் 13ஆம் நாள் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள வானமும் அந்நாட்டுக்கே உரியது என்று வகுத்தது. அடுத்த மாதம் 12ஆம் நாள் ராஸ் ஸ்மித்தும் அவர் தமையனார் கீத் ஸ்மித்தும் இரு பொறியாளருடன் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டனர். டிசம்பர் 4ஆம் நாள் சிங்கப்பூரின் ஃபாரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினர். இந்நகரம் கண்ட முதல் ஆகாய விமானங்களுள் அதுவும் ஒன்று.

இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929இல் கராச்சி வரை விமானப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, வழி பாரசீகக் கடற்கரை ஓரமாக இருந்தது. பாரசீக அரசின் இசைவு 1932இல் முடிவுற்றது. உடனே வழி வளைகுடாவின் எதிர்க்கரைக்கு மாறியது. ஷார்ஜாவின் மணல்வெளியில் பயணிகளுக்கென்று கோட்டை போன்ற ஒரு விடுதி எழுந்தது. 1933 டிசம்பரில் இப்போக்குவரத்து சிங்கப்பூர் வரை நீண்டது.

இத்தாலியோடும் இணக்கமில்லை. ஆகவே பயணிகள் பாரிசில் இரயில் ஏறி, அந்நாட்டின் தென்கோடியிலுள்ள பிரிண்டிசி வரை சென்று, அங்கே மீண்டும் விமானம் ஏற வேண்டியிருந்தது. வானூர்திக்குக் காசு கட்டியவர் இரயிலில் போன விந்தை! பாக்தாத், கராச்சி, கல்கத்தா, இரங்கூன், பாங்காக் என இறங்கி இறங்கி, இரவுகளை விடுதிகளில் கழித்து, நம் அலோர் ஸ்டாரையும் தொட்டு, ஏறத்தாழ எட்டு நாளில் சிங்கப்பூர் சேர்ந்தனர். கப்பலிலோ மூன்று வாரத்துக்கு மேலாகும்.

போருக்குப்பின் விரைவு பெருகியது. 1952இல் வந்த காமெட் ஜெட் விமானம் பயணத்தை ஏறத்தாழ ஒரு நாளாக்கியது.

1977 டிசம்பர் 9ஆம் நாள், ஒலியினும் விரைந்து பறக்கும் கன்கார்டு பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடத் தொடங்கியது. அதன் ஒரு புறம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் வண்ணம். மறுபுறம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் வண்ணம். மும்முறை போய் வந்ததும் அது நின்றது. மலாக்கா நீரிணையின் மேல் எழும் பேரொலியைக் காரணம் காட்டி மலேசிய அரசாங்கம் தடுத்துவிட்டது. இலண்டனில் இறங்கும் உரிமையை மிகுதியாகப் பெறவே இத்தடை என்று அன்று பேசப்பட்டது. அப்படியே இருந்தாலும் அதில் குறை காண்பதற்கில்லை என்பது என் கருத்து. பாரசீகமும் இத்தாலியும் செலுத்திய அதே உரிமையைத்தான் புதிதாய் விடுதலை பெற்ற நாடொன்றும் செலுத்தியது. முதலில் அதனை எழுத்தில் வகுத்தவர்களோ வல்லரசுகள்.

1979 சனவரியில் கன்கார்டு மீண்டும் வந்தது. ஆனால் செலவுக்கேற்ற பயணிகள் இல்லாமையால் 1980 நவம்பரில் அறவே நின்றது. அதில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தில் கடந்த தொலைவுக்கு, இன்று இடையில் நில்லாது பறக்கும் விமானங்கள் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன.