செடி கேட்டது புளிப்பு மண்

கொல்லிமலை வீட்டுத் தோட்டத்தில் புளூபெர்ரி வைக்க ஆசைப்படுகிறவர்கள், அது தோட்டத்துக்கு வந்த கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது.

நூறு வருஷத்துக்குச் சற்று முன்புவரை வட அமெரிக்காவில் அது காட்டுப் பழம். பெயர்த்து வந்து, எருவும் சுண்ணாம்பும் போட்ட கொல்லையில் நட்டால் செத்துப்போகும். அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கொவில் 1906-இல் சோதனை தொடங்கி, 1910-இல் காரணத்தை வெளியிட்டார். அந்தச் செடிக்கு வேர்த்தூவி கிடையாது. வேரோடு வாழும் பூஞ்சைதான் துணை. மற்ற பல பயிர்களுக்கு ஆகாத புளிப்பு மண்தான் அதற்கு வாழ்வு.

நியூஜெர்சியில் கிரான்பெர்ரித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தின் மகள் எலிசபெத் ஒயிட் அதைப் படித்துவிட்டு, 1911-இல் தங்கள் நிலத்தில் சோதனை நடத்தக் கொவிலை அழைத்தார். எட்டில் ஐந்து அங்குலத் துளையிட்ட அளவுத் தகட்டைக் காட்டுவாசிகளிடம் கொடுத்தனுப்பினார். துளையில் நுழையாத பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம். புதருக்குக் கண்டுபிடித்தவரின் பெயர். ரூப் லீக் காட்டிய ‘ரூபெல்’ இன்றும் பயிராகிறது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்: காட்டை அறிந்தவர்களின் கண்ணை அறிவியல் மதித்தது. 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது.

குளிர்காலத்தைச் சூடான கண்ணாடி வீட்டில் கழித்த செடி வசந்தத்தில் சரியாகத் துளிர்ப்பதில்லை என்பதையும் கொவில் கண்டார். ஆகவே நீண்ட குளிர் கேட்கும் வடக்கத்தி ரகங்கள் நம் மலைக்கு ஆகாது. புளோரிடாவின் காட்டுச் செடியோடு கலந்து, 1970-களில் அங்கே வெளியான ‘ஷார்ப்புளூ’ போன்ற, குறைந்த குளிரே போதுமான ரகங்கள்தான் நமக்கு வழி.

மண்ணின் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். காப்பி நன்றாக வருகிறதே என்று நம்பி நட்டுவிடாதீர்கள். காப்பி அதைவிடப் புளிப்புக் குறைந்த மண்ணிலும் வரும். மண்ணைச் சோதித்துப் பாருங்கள். கந்தகத் தூளை மாதக்கணக்கில் முன்னதாகவே கலக்க வேண்டும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்லத்தான் அமிலமாக்கும். அடுப்புச் சாம்பல் கூடவே கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள போர் தண்ணீரை விட, பிடித்துவைத்த மழைநீர் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு ரகங்களை அருகருகே வைத்தால் மகரந்தம் மாறிப் பழம் பருக்கும்.