வைத்தியசாலையிற் புகைவிலக்கு: இங்கிலாந்தின் வரலாறு காட்டும் உண்மை

சட்டம் இயற்றுதல் ஒன்று. இயற்றிய சட்டத்தை நடைமுறைக்குக் கொணர்தல் மற்றொன்று. வரலாறு பயில்வோர் அரசர் ஆணைகளையும் பாராளுமன்றச் சட்டங்களையும் ஆண்டு தவறாது மனப்பாடஞ் செய்கின்றனர். ஆயின், அவை மக்களின் அன்றாட வாழ்விற் புகுந்த வழியை ஆராய்வோர் சிலரே. அவ்வழியின் நீளத்தை அறிதற்கு, வைத்தியசாலைகளிற் புகைபிடித்தல் விலக்கப்பட்ட வரலாறு தக்கதோர் உதாரணமாகும். சிகரெட்டின் கேட்டினை உலகிற்கு எடுத்துக்காட்டிய இடங்களுள் இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் தலையாயவை. ஆயினும், அக்கேட்டினை அறிந்தபின் தம் சுவர்களுக்குள்ளிருந்து புகையை முற்றாக அகற்ற அவற்றுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. அறிவுக்கும் செயலுக்கும் இடையே இத்துணை நெடுங்காலங் கழிந்தது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவை அடைந்த புகையிலை அங்கு மருந்தாகவும் போற்றப்பட்டது. செவில் நகரத்து வைத்தியராகிய நிக்கலாஸ் மொனார்டெஸ் அதனைப் பல பிணிகளுக்கு மருந்தென எழுதினார். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604ஆம் ஆண்டிற் புகையிலையைக் கண்டித்து நூலொன்று வெளியிட்டும் வழக்கம் ஒழிந்திலது. இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும் படைவீரர்க்கு உணவோடு சிகரெட்டும் வழங்கப்பட்டது. காயமுற்றுக் கிடந்தோர்க்கு அது ஆறுதற் பொருளாயிற்று. ஆகவே, நோயாளர் வைத்தியசாலையிற் புகைப்பதும், வைத்தியர் தம் அறையிற் புகைப்பதும் அக்காலத்தார்க்குக் குற்றமாகத் தோன்றவில்லை.

இந்நிலையிலேதான் இலண்டன் நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. நுரையீரற் புற்றுநோயால் இறப்போர் தொகை விரைந்து பெருகியதன் காரணத்தை அறிய விரும்பிய றிச்சேட் டோல், ஒஸ்ரின் பிராட்போட் ஹில் என்னும் அறிஞர் இருவர், இருபது வைத்தியசாலைகளின் நோயாளரிடம் அவர்தம் பழக்கங்களைப் பற்றி வினவச் செய்தனர். மோட்டார் வண்டிகளின் புகையோ வீதிகளுக்கு இடப்படும் தாரோ காரணமாகலாம் என்றே டோல் முதலில் எண்ணியிருந்தார். 1950ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளிவந்த முடிவு வேறாயிற்று. நுரையீரற் புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் புகைபிடியாதோர் இருவரே. ஒப்புநோக்குதற்கு எடுக்கப்பட்ட பிற நோயாளராகிய ஆடவர் 649 பேருள் அத்தகையோர் 27 பேர். ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே டோல் தம் புகைப்பழக்கத்தைக் கைவிட்டார். 1951ஆம் ஆண்டில் அவ்விருவரும் நாட்டின் வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, அவர்தம் புகைப்பழக்கத்தை விசாரித்தனர். நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். பிறர் நோயை ஆராய்ந்தோர் இப்போது தாமே ஆராய்ச்சிப் பொருளாயினர். தம் தோழரின் இறப்புக் கணக்கைக் கண்ட வைத்தியருட் பலர் சிகரெட்டை விட்டொழித்தனர்.

அரசாங்கமோ தயங்கிற்று. 1954ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் சுகாதார மந்திரி இயன் மக்ளவுட், புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் செய்தியாளர்க்கு அறிவித்தபோது தாமே சிகரெட் புகைத்தவண்ணம் இருந்தார். சொல்லும் செயலும் ஒருவரிடத்தே முரண்பட்டு நின்ற அக்காட்சி அக்காலத்தின் நிலையை நன்கு விளக்குகின்றது. 1962ஆம் ஆண்டில் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அறிக்கை பொது இடங்களிற் புகைத்தலைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று வற்புறுத்தியது. எனினும், புகைப்பது அவரவர் உரிமை, அதனால் வருங் கேடும் அவரவர்க்கே என்ற வாதம் வலிமை குன்றாது நின்றது.

அவ்வாதத்தை அசைத்தது பிறிதோர் ஆராய்ச்சியாகும். புகைபிடிக்குங் கணவரோடு வாழும், தாம் புகைபிடியாத மனைவியர்க்கும் நுரையீரற் புற்றுநோய் மிகுதியாக வருகின்றதென ஜப்பானிய அறிஞர் தக்கேஷி ஹிரயாமா 1981ஆம் ஆண்டிற் காட்டினார். 1986ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தலைமைச் சுகாதார அதிகாரியின் அறிக்கையும் பிறர் விடும் புகையின் தீங்கை உறுதிப்படுத்தியது. ஒருவன் உரிமை அடுத்த கட்டிலில் மூச்சுவிட வருந்துபவனின் உரிமையோடு மோதுவது வெளிப்படையாயிற்று. அமெரிக்காவில் வைத்தியசாலைகளின் தரத்தை ஆராய்ந்து அங்கீகாரம் வழங்கும் கூட்டுக்குழு, 1992ஆம் ஆண்டு தொடக்கம் வைத்தியசாலைக் கட்டடங்களிற் புகை கூடாதென விதித்தது. நூற்றுக்கு 96 வீதத்துக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் அவ்விதிக்கு அமைந்தன என 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. அங்கீகாரம் போயின் வருமானமும் குன்றும் என்னும் அச்சமும் இதற்குத் துணைபுரிந்தது எனலாம்.

இங்கிலாந்து இதனைப் பாராளுமன்றச் சட்டத்தின் வழியாகவே செய்து முடித்தது. 2006ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின்படி 2007ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி தொடக்கம் மூடப்பட்ட பொது இடங்களிலும் வேலைத்தலங்களிலும் புகைத்தல் விலக்கப்பட்டது. ஆயின், மனநோய் வைத்தியசாலைகளுக்கு மட்டும் ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. இத்தவணையிலேதான் நம் வினாவின் விடை அடங்கியுள்ளது.

மனநோயாளர் மற்றையோரினும் மிகுதியாகப் புகைப்பவர். வெறுமையான நீண்ட நாட்களைக் கழிக்கும் மனநோய் விடுதியிற் சிகரெட்டே பொழுதுபோக்காகவும், நட்புக்கு அடையாளமாகவும், சில இடங்களில் நன்னடத்தைக்குப் பரிசாகவும் விளங்கியது. அதனைப் பறித்தாற் கலகம் விளையுமெனத் தாதியர் அஞ்சினர். றாம்ப்ரன் என்னும் உயர்காவல் வைத்தியசாலையில் அடைபட்டிருந்த நோயாளர் நீதிமன்றத்தை நாடி, வெளியே செல்லவியலாத தமக்கு அவ்விடமே வீடு, வீட்டிற் புகைப்பதை அரசு தடுத்தல் தகுமோ என வினவினர். 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும், 2009ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வழக்கைத் தள்ளின. எனினும், அவ்வினாவை அற்பமென ஒதுக்குதல் நடுநிலையாகாது. சுகதேகி ஒருவன் வாயிலைக் கடந்து வீதியிற் புகைக்கலாம். பூட்டிய கதவினுள் இருப்பவனுக்கு அவ்வழி இல்லை.

ஆயின், மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். கடும் மனநோயுற்றோர் பிறரினும் இளமையிலேயே இறக்கின்றனர்; அதற்குப் புகைத்தல் பெருங்காரணமாகும். அவர்க்கு மட்டும் புகையை விட்டுவைத்தல் கருணைபோலத் தோன்றினும் உண்மையிற் கைவிடுதலேயாகும். மேலும், குளோசப்பின் முதலிய சில மருந்துகளை உடலில் விரைந்து அழியச் செய்யும் இயல்பு புகைக்கு உண்டு. ஆதலிற் புகைப்பவர்க்கு மருந்து மிகுதியாக வேண்டும். திடீரெனப் புகையை நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து தீங்கு செய்யும். சுவரில் அறிவித்தலை ஒட்டுவதோடு கடமை முடிந்ததெனக் கருதும் நிர்வாகம் இங்கே நோயாளரின் உயிருக்கே ஊறு செய்தல் கூடும்.

இதனை உணர்ந்து நடந்தமைக்குத் தென்னிலண்டனிலுள்ள மோட்ஸ்லி முதலிய மனநோய் வைத்தியசாலைகள் சான்றாகும். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அவை கட்டடங்களில் மட்டுமன்றி வளவுகளிலும் புகையை விலக்கின. நோயாளர் வந்து சேர்ந்தவுடன் புகைப்பழக்கத்தை விசாரித்தல், நிக்கொட்டின் ஒட்டுத்துண்டு முதலிய மாற்றுகளை வழங்கல், மருந்தின் அளவைத் திருத்துதல், தாதியரைப் பயிற்றல் ஆகியன விலக்கோடு இணைக்கப்பட்டன. அஞ்சிய கலகம் எழவில்லை. உடல்ரீதியான தாக்குதல்கள் நூற்றுக்கு 39 வீதங் குறைந்தன என 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. சிகரெட்டுக்காகக் காத்திருத்தல், இரத்தல், மறுக்கப்படுதல் ஆகியவை சச்சரவுக்கு வித்தாக இருந்தன என்பதை நினைப்பின் இதன் காரணம் ஒருவாறு விளங்கும்.

ஆகவே, நீண்ட தாமதத்திற்குக் காரணம் அறிவின்மையன்று. புகைப்பவனைக் குற்றவாளியாகவோ, உரிமையாளனாகவோ கண்ட காலமெல்லாம் விதி தளர்ந்தது. அவனையும் ஒரு நோயாளனாகக் கண்டபோதே விதி வேரூன்றியது. ஒன்றை எடுப்போர் மற்றொன்றைக் கொடுத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மூடப்பட்ட பொது இடங்களிற் புகைத்தலை விலக்கியுள்ளது. செம்மண்ணிற் புகையிலை நட்டு, அதன் வருவாயால் மக்களைப் படிப்பித்த குடிகள் நம்மிடையே பல. அப்பயிரையும் சுருட்டையும் நாம் எளிதில் இகழ்ந்துவிட இயலாது. ஆயினும், நோயுற்ற ஒருவரைக் காண வைத்தியசாலைக்குச் செல்லும்போது வாயிலில் நின்று புகைப்பவரைக் கண்டால், அவரை வெறுத்து விலகாது, விடுவதற்கு வழியும் உண்டென எடுத்துக் கூறுதல் கற்றோர் கடனாகும். சட்டம் சுவரில் இருக்கின்றது. அதனை மனிதரிடம் கொண்டுசேர்ப்பவர் மனிதரே.