சுவரிலிருந்து கழன்ற நம்பர்

எங்கள் கோபாலபுரத்தில் முதல் தெரு, இரண்டாவது தெரு என்று தெருக்களுக்கு நம்பர்தான் பேர். வெறுமனே "20-ஆம் நம்பர் வீடு" என்றால் கூரியர்காரர் எந்தத் தெரு என்பார். (பழைய நம்பரா, புது நம்பரா என்பது அடுத்த கேள்வி.) வைஃபையிலும் இந்தக் குழப்பம் உண்டு.

ஒரே ஸ்விட்ச்சை உள்ளுக்குள் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் விர்ச்சுவல் லேன். பெல்கோரில் இருந்த டேவிட் சின்காஸ்கி 1980-களில் யோசித்தது. 1998-ல் 802.1க்யூ என்ற தரமாச்சு: ஒவ்வொரு ஃப்ரேமிலும் 12 பிட் நம்பர், புழங்கக் கிடைப்பது 4,094. அந்த நம்பர் சுவரிலுள்ள போர்ட்டுக்குச் சொந்தம். அக்கவுன்ட்ஸ் மேஜையில் யார் கேபிளைச் செருகினாலும் அவர் அக்கவுன்ட்ஸ் ஆள்தான்.

வைஃபை வந்ததும் சுவரே போய்விட்டது. ஆளுக்கொரு வைஃபை பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பெயரும் நொடிக்குப் பத்துத் தடவை "நான் இருக்கேன்" என்று கத்தும். அந்தச் சத்தத்திலேயே காற்று நேரம் தீர்ந்துபோகும். வழி கொடுத்தது பழைய ஆசாமி ரேடியஸ். 1990-களின் தொடக்கத்தில் டயல்-அப் மோடம்களுக்காக லிவிங்ஸ்டன் நிறுவனம் எழுதியது. 2003-ல் வந்த ஆர்எஃப்சி 3580, கடவுச்சொல் சரி என்ற பதிலோடு மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பும் முறையைச் சொன்னது. மூன்றாவது வரியில் நெட்வொர்க் நம்பர். இப்போது நம்பர் ஆளோடு நடக்கிறது.

நடந்தால் போதுமா? மூன்றாவது மாடியில் அந்த நெட்வொர்க்கே இல்லையென்றால் ஐபி மாறும், பேச்சு பாதியில் அறுந்துபோகும். 2002 வாக்கில் வந்த வயர்லெஸ் ஸ்விட்ச்சுகள் இதைத்தான் தீர்த்தன. எல்லா ஆக்சஸ் பாயிண்டும் சுரங்கப்பாதை வழியே ஒரே இடத்தில் போக்குவரத்தைக் கொட்டும். நெட்வொர்க்குகள் அங்கே மட்டும் இருந்தால் போதும்.

கட்டடத்தைத் தாண்டினால்தான் கதை சுவாரஸ்யம். நெதர்லாந்தின் சர்ஃப்நெட்டில் கிளாஸ் வியரெங்கா 2002-ல் முன்வைத்த யோசனை எடுரோம் ஆனது. இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நம்முடைய கல்லூரி சர்வர்தான் "இவர் நம்ம ஆள்" என்று சாட்சி சொல்லும்.

எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் வெளியூர்க் கல்லூரிக்குப் போனார். லாகின் ஆகிறது, ஐபி வரவில்லை. அரை நாள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார், பாவம். அவருடைய கல்லூரி சர்வர் சாட்சியோடு நிறுத்தாமல் "20-ல் போடு" என்றும் சொல்லியிருக்கிறது. இங்கே 20 ஆசிரியர்களுக்கு. அங்கே சிசிடிவி கேமராக்களுக்கு. கேமராக்களுக்குக் கையால் ஐபி கொடுத்திருந்ததால் கேட்டவருக்குக் கொடுக்க ஆளில்லை. ஐபி வந்திருந்தால் இன்னும் மோசம், கேமராக்கள் நடுவில் ஒரு வெளியாள்!

யார் என்று சொல்வது வீட்டுக்காரர் வேலை; எங்கே உட்கார வைப்பது என்பது விருந்து வைப்பவர் வேலை. வெளியிலிருந்து வரும் பதிலில் அந்த மூன்று வரிகளை வெட்டிவிட அங்கே ஒரு விதி எழுதினார்கள். சாயங்காலமே அவரிடமிருந்து மெயில் வந்தது.