அணியிலக்கணத்தின் புதுச்சேரிப் பாதை

1838-இல் புதுச்சேரியில் அச்சேறிய ‘தொன்னூல் விளக்கம்’, இத்தாலியரான வீரமாமுனிவர் 1730-இல் இயற்றிய ஐந்திலக்கண நூலாகும். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் ஒருசேர அடக்கிய அந்நூல், செய்யுளுக்கு அழகும் அழுத்தமும் சேர்க்கும் சொல்முறைகளாகிய அணிகளை இறுதி அதிகாரமாக வைத்தது. முனிவர் சார்ந்திருந்த இயேசு சபை 1599-இல் வகுத்த கல்வித்திட்டத்தில், இலக்கண வகுப்புகளையும் இலக்கிய வகுப்பையும் கடந்தவர்களே ‘ரெட்டரிக்’ என்னும் வகுப்பை, அதாவது கேட்போர் உள்ளம் இசையுமாறு பேசவும் எழுதவும் பயிற்றும் படிப்பை, எட்ட முடியும். அந்தப் பயிற்சியோடு வந்தவர் தமிழ் அணிகளைத் தொகுத்தபோது 30 பொருளணிகளோடு நின்றுகொண்டதில், மாணவர் நினைவில் எவ்வளவு தங்கும் என்றறிந்த ஆசிரியரின் சிக்கனம் தெரிகிறது.

அவருக்கு முந்திய மரபு, தொல்காப்பியம் நீங்கலாக, சிக்கனத்தை அவ்வளவாக மதிக்கவில்லை. தொல்காப்பியம் உவமை ஒன்றுக்கே தனி இயல் வகுத்து, ஒப்புமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரித்து, அதனோடு அமைந்தது. வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவி 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூற, 16-ஆம் நூற்றாண்டின் மாறனலங்காரம் அதனை 64 ஆக்கியது. பெயர்கள் பெருகிய அளவுக்குக் கவிதை பெருகியதா என்பது வேறு கேள்வி.

தொன்னூல் எழுந்த அதே 1730-இல் பாரிஸில் துமார்சே என்னும் பிரெஞ்சு இலக்கண அறிஞர், ஒரு சொல் தன் பொருளை விட்டு வேறு பொருளுக்குச் செல்லும் முறைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அவை சொற்கலைக்குரிய ஒப்பனைகள் என்பதைவிட இலக்கணத்துக்கே உரியவை என வாதிட்டார். அறிஞர் அவைகளில் பல நாள் பிறப்பவற்றைக் காட்டிலும் மிகுதியான அணிகள் ஒரே சந்தை நாளில் பிறக்கின்றன என்பது அவர் கருத்து. அவர் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்ததைத் தமிழ் முன்னரே செய்து முடித்திருந்தது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவரும் ஆகுபெயரைத் தொல்காப்பியமும் நன்னூலும் அணிப்பகுதியில் வைக்காமல் சொல்லதிகாரத்திலேயே வைத்தன. புதுச்சேரி நகரின் தென்பகுதியிலுள்ள உப்பளம் இன்று ஒரு சட்டமன்றத் தொகுதியாகவும் இருப்பதால், தேர்தல் காலத்தில் தேநீர்க் கடையில் “இந்தத் தடவை உப்பளம் யார் பக்கம்?” என்று கேட்பவர், இடத்தின் பெயரால் அங்குள்ள வாக்காளரைக் குறித்து, இடவாகுபெயர் என்னும் பெயரையே அறியாமல் அதனைப் பிழையின்றி ஆள்கிறார்.

1826-இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் கல்லூரி தொடங்கிய காலத்தில், பிரான்சின் உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு வகுப்பின் பெயரே ‘ரெட்டரிக்’ என்பதாக இருந்தது. அப்பெயர் 1902-இல்தான் மறைந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1909-இல், பிரெஞ்சு ஆட்சிப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியேற்ற பாரதிதாசன் 1946 வரை அப்பணியில் இருந்தார். இலக்கணம் கற்பித்த அதே ஆண்டுகளில்தான் அவருடைய கவிதைகளில் பழைய உவமைகள் புதிய பொருள்களின்மேல் ஏறின.

1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகி, பள்ளிகளில் ஆங்கிலம் ஓங்கியபின், மூன்றாவதாக ஆங்கில அணிகளின் பட்டியல் ஒன்று மாணவரிடம் வந்தது. சிமிலி உவமையாகவும் மெட்டஃபர் உருவகமாகவும் தொல்லையின்றிப் பொருந்திவிடுகின்றன. ஆனால் மனிதரல்லாதவற்றுக்கு மனிதச் செயலை ஏற்றும் பெர்சானிஃபிகேஷன் என்பதற்குத் தற்குறிப்பேற்றம் என்று எழுதிக்கொடுக்கும் பயிற்சிக் கையேடுகள் மாணவரைத் தவறான திசைக்கே அனுப்புகின்றன. கடற்காற்றில் தென்னங்கீற்று அசைவது இயல்பு. கரை திரும்பும் படகை அது வரவேற்கிறது என்று அந்த அசைவுக்குக் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம். துறைமுகம் உறங்குகிறது என்பதிலோ ஏற்றப்பட்ட காரணம் எதுவும் இல்லை, மனிதச் செயல் மட்டுமே இருக்கிறது. ஒன்றன் செயலை மற்றொன்றின்மேல் வைக்கும் இம்முறையைத் தண்டியலங்காரம் பொருளணிகளில் சேர்க்காமல், செய்யுளின் பத்துக் குணங்களுள் ஒன்றாகிய சமாதியில் அடக்குகிறது.

மோனையின் நிலை இன்னும் வேறுபட்டது. முதலெழுத்து ஒன்றிவரும் அலிட்டரேஷன் இன்றைய ஆங்கிலப் பாடத்தில், கவிஞர் வேண்டினால் சேர்க்கும் ஓசை நயம். தமிழிலோ அது யாப்பிலக்கணம் கூறும் தொடை வகைகளில் ஒன்று, அதாவது செய்யுளின் கட்டுமான உறுப்பு. அதனால் ஒரே மாணவர் ஆங்கிலப் பாடவேளையில் கவிஞர் இதை ஏன் பயன்படுத்தினார் என்ற வினாவுக்கு விளைவைச் சொல்லி மதிப்பெண் பெற, தமிழ்ப் பாடவேளையில் மோனைச் சொற்களை அடிக்கோடிட்டு எடுத்தெழுதியதோடு விடை முடிந்துவிடுகிறது; கட்டுமானத்தில் எவரும் விளைவைத் தேடுவதில்லை, தேடியிருந்தால் தமிழ்ச் செய்யுளின் ஓசையைப் பற்றி இரண்டு வகுப்புகளுமே கூடுதலாக அறிந்திருக்கும்.